எங்க சங்கத்துக்குச் சாதி கிடையாது

நீங்க உட்காருங்க தம்பி, எழுந்திரிக்க வேணாம். மேல ஊனமுற்றோர் சீட்டுன்னு எழுதிப் போட்டிருக்கறதப் பாத்துட்டு எழுந்திரிக்கிறீங்க, தெரியுது. ரெண்டு பேரு சீட்டுதானே. எனக்குக் காலை நீட்டணும், அதனால நான் இந்த ஓரம் உட்கார்ந்துக்கறேன். நீங்க சன்னல் பக்கம் தள்ளிக்கங்க. இந்த ஊன்றுகட்டைய மட்டும் அந்தப் பக்கம் சாத்திருங்க. போதும், போதும்.

கலெக்டர் ஆபீஸ் வரைக்கும்தான். இன்னிக்குத் திங்கக்கிழமை இல்லையா, மனு வாங்கற நாள். போன வாரமும் போனேன். கோதண்டபாணி சும்மா விட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது பாருங்க.

சங்கத்து மனுதான். ஒரு சங்கத்த இருபத்திரண்டு வருசம் கட்டி வளத்தவன் தம்பி நான். சித்தேரிப்பட்டு வட்ட மாற்றுத்திறனாளிகள் நலச் சங்கம். பதிவு பண்ணப்போ ஊனமுற்றோர்னு பேரு, அப்புறம் கவருமெண்டே பேரை மாத்தவும் நாங்களும் மாத்திக்கிட்டோம். என் ஜெராக்ஸ் கடைதான் ஆபீஸ். அத ஒரு பொண்ணு வந்து ரெண்டா உடைச்சுட்டுப் போயிடுச்சு. ரெண்டான்னு சொல்றது மரியாதைக்கு. பத்தொன்பது பேர் இருந்த சங்கத்துல என்னோட சேத்து இப்ப அஞ்சு பேரு. அதுலயும் ரெண்டு பேர் வெளியூரு.

காரணம் சாதி. வேற என்ன இருக்கப் போவுது. நான் யாரையும் சாதி பாத்துப் பழகினவன் கிடையாது. சங்கத்தோட முத விதியே, நானே என் கையால எழுதினது, இந்தச் சங்கத்துக்குச் சாதி மதம் கிடையாதுன்னு. காலனியிலேருந்து ஆறு பேர் உறுப்பினரா இருந்தாங்க. கூட்டத்துக்கு வந்தா காத்தோட்டமா உட்காரட்டும்னு கடைக்கு வெளிய அவங்களுக்குன்னே பெஞ்சு வாங்கிப் போட்டவன் நான்.

அவமானம்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ரெண்டு வயசுல போலியோ. எங்க அண்ணன் கல்யாணத்தப்போ எனக்குப் பத்தொன்பது வயசு. பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணுல படவேணாம், மூணு நாள் பின்கட்டுலயே இருந்துக்கோன்னுட்டாங்க. சாப்பாடு அங்கயே வந்துச்சு. மேளச்சத்தத்த வெச்சுத்தான் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வலியிலதான் சங்கமே பொறந்துச்சு. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நடக்கறது வேற யாருக்கும் நடக்கறது இல்ல தம்பி. அத வேறெதோடயும் சேத்துப் பேசக்கூடாது. நான் சொல்றது அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணு பேரு மணிமொழி. காலனி கன்னியப்பன் மக. பெங்களூர் பக்கம் அப்பாவோட கட்டட வேலைக்குப் போய், சாரத்துலேருந்து விழுந்து முதுகெலும்பு போச்சு. அப்போ பதினேழு வயசு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. வீல் சேர்தான். ஆனா கெட்டிக்காரி, அத மறைக்கக் கூடாது. அஞ்சல்வழியில பி.ஏ. முடிச்சுது. அது மனு எழுதினா ஒரு எழுத்து கூட வீணா இருக்காது. சங்கத்துக்கு மனு எழுத ஆள் கிடைச்சுதுன்னு நானும் சந்தோசப்பட்டேன். பெஞ்சுல உட்கார வேண்டிய அவசியமும் இல்ல, சேரோடவே வந்துடுச்சு.

அப்போ தாலுக்கா ஆபீசுல எங்க உதவித்தொகைப் பிரிவு மாடியில இருந்துது. உயிரோட இருக்கோம்னு வருசா வருசம் போய்க் கையெழுத்துப் போடணும். கால் இல்லாதவங்களுக்கான ஆபீச மாடியில வெச்சிருக்கான், பாருங்க அநியாயத்த. நான் போய்க் கேட்டேன். தாசில்தார் சிரிச்சுக்கிட்டே, "நாலு பேர விட்டுத் தூக்கச் சொல்றேன், அதுக்கு எதுக்குங்க பெரிய பேச்சு"ன்னாரு. தூக்கினாங்க. கட்டை கீழயே கிடக்குது. சட்டை மேல ஏறி வயிறு தெரியுது. வேட்டியப் பிடிக்கறதா, கழுத்தப் பிடிக்கறதா. படியில நின்ன பொம்பளைங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. மேல கொண்டுபோய் வெச்சவன் கையத் தட்டிக்கிட்டுப் போறான், சிமெண்டு மூட்டைய இறக்கின மாதிரி.

அதக் கடையில சொல்லிட்டிருந்தப்பதான் இந்தப் பொண்ணு, "செத்தப்புறம் நாலு பேர் தூக்கட்டும் அண்ணே. உயிரோட இருக்கறப்ப நாம தூக்கிக்கிட்டுப் போக விட வேணாம். படியிலயே உட்காந்துருவோம், யாரும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது"ன்னுச்சு. அப்படியே உட்கார்ந்தோம். பத்தொன்பது பேரு, பதினோரு நாள்.

மூணு நாள் ஒருத்தன் எட்டிப் பாக்கல. எங்க தெருக்காரங்க அந்தப் பக்கமா வண்டியில போவாங்க, "என்ன கோதண்டம், இன்னும் முடியலையா"ன்னுட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. நாலாம் நாள் காலனி இளைஞர் மன்றத்துலேருந்து முப்பது நாப்பது பேரு வந்தாங்க. பந்தல் போட்டாங்க. தண்ணிக் கேன் கொண்டாந்தாங்க. பொம்பளைப் புள்ளைங்களக் கழிப்பறைக்குத் தள்ளிட்டுப் போய் வர்றதுக்கு அவங்க வீட்டுப் பொம்பளைங்க முறை வெச்சு வந்தாங்க. நீலக் கொடி கொண்டாந்தாங்க, அது மட்டும் வேணாம், இது பொதுப் போராட்டம்னேன். பேசாம மடிச்சு வெச்சுட்டாங்க. நான் அவங்கள ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பாடும் அங்கேருந்துதான் எல்லாருக்கும். எனக்கு வயிறு சரியில்ல, வீட்டுலேருந்தே வந்துடும்.

ஒன்பதாம் நாள் போலீசு வந்து எங்களத் தூக்கப் பாத்துது. அந்தப் பசங்க முன்னாடி வந்து கையக் கோத்து நின்னுட்டாங்க. ரெண்டு பேருக்குத் தலையில அடி. பதினோராம் நாள் கலெக்டரே வந்தாரு. பிரிவு கீழ வந்துச்சு, சாய்தளம் கட்டினாங்க. திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டினது நான். பேப்பர்ல போட்டோ வந்துது. அவங்கெல்லாம் அதுல இல்ல, இடம் சின்ன இடம்.

அதோட விட்டிருந்தா இன்னிக்கு நான் இப்படிப் பஸ் ஏற வேண்டியதில்ல.

அடுத்த ஐப்பசியில கன்னியப்பன் செத்துட்டாரு. எங்க ஊரு அமைப்பு உங்களுக்குச் சொல்லணும். காலனி ஒரு பக்கம், அவங்க சுடுகாடு ஏரிக்கு அந்தாண்ட. நேர் ரோடு எங்க நடுத்தெரு வழியாப் போவுது. சிமெண்டு ரோடு, ஐந்நூறு அடி தூரம். ஆனா அந்த வழியா அவங்க பொணம் எடுத்துட்டுப் போறதில்ல, சாவுக்குப் போறவங்களும் அதுல போறதில்ல. எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். வயல் வரப்புல போவாங்க. அன்னிக்கு நல்ல மழை, முட்டி வரைக்கும் சேறு. வரப்புல வீல் சேர் எப்படிப் போவும்? அந்தப் பொண்ணு ரோட்டோரமா நின்னுடுச்சு. அவங்கள்ல பொம்பளைங்களும் சுடுகாட்டுக்குப் போவாங்க. அம்மா, அக்கா எல்லாம் போயாச்சு. இது மட்டும் மழையில, பாடை போறதப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நானும் போயிருந்தேன். வண்டிய ரோட்டுலயே நிறுத்தி மாலைய ஒருத்தர்கிட்டக் குடுத்தனுப்பினேன். என்னப் பாத்துச்சு. அழுவல.

இருவது நாள் கழிச்சு வீட்டுக்கு வந்துச்சு. வாசல்ல சாய்தளம் கட்டியிருக்கேன் நான், எனக்குன்னு. நம்ம வட்டத்துலயே வீட்டுல சாய்தளம் வெச்ச முத ஆள் நான்தான். அது மேல ஏறாம கேட்டுக்கு வெளியவே நின்னுச்சு. நானும் உள்ள வான்னு சொல்லல. அன்னிக்கு வீட்டுல சாமி கும்பிட்டிருந்தோம், அதனால.

"அண்ணே, நடுத்தெரு ரோட்ட எங்களுக்குத் திறந்து விடச் சொல்லி உட்காரப் போறோம். சங்கமும் வரணும்"னுச்சு.

"அது சாதிப் பிரச்சினைம்மா. சங்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எங்க அப்பாவோட நான் போக முடியல அண்ணே. அது எந்தப் பிரச்சினை?"

"மழை பெஞ்சிருந்துச்சு, அதனால போக முடியல."

"ரோட்டுல மழை பெஞ்சா சேறாவாது அண்ணே. ஒரு ரோடுதான் இருக்கு. நான் காலனிக்காரிங்கறதால அதுல போகக் கூடாது, கால் இல்லாததால வேற எதுலயும் போக முடியாது. இதுல எது சங்கத்துக்கு, எது மன்றத்துக்குன்னு நான் எப்படிப் பிரிக்கட்டும்?"

பேச்சு பாத்தீங்களா. நான் பொறுமையாத்தான் சொன்னேன். "படியில உட்கார்ந்தப்ப நாம கால் இல்லாதவங்களாத்தானே உட்கார்ந்தோம், சாதியாவா உட்கார்ந்தோம்? அத இதுல கலக்காத"ன்னேன். "அன்னிக்குப் பந்தல் போட்டவங்க கால் இருக்கறவங்கதானே அண்ணே"ன்னுச்சு. சேரத் திருப்பிக்கிட்டுப் போயிடுச்சு. எங்க தெரு மேடு, தள்ளறதுக்கு ஆள் இல்ல. தானே உருட்டிக்கிட்டுப் போச்சு.

கூட்டத்துல வெச்சேன். முறைப்படி நடத்தறவன் நான். தெய்வசிகாமணின்னு ஒருத்தன், ரெண்டு கண்ணும் தெரியாது. டெலிபோன் ஆபரேட்டரா இருந்து ரிட்டையரானவன். எனக்குப் பங்காளி முறை, எங்க தெரு. அவன் எழுந்து நின்னு, "எனக்கு யாரு எந்தச் சாதின்னு தெரியறது இல்லடா கோதண்டம். பதினோரு நாள் என்னக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவங்க யாருன்னு மட்டும் தெரியும்"னான். கைதட்டுறாங்க. சொந்தப் பங்காளியே இப்படிப் பேசினா நான் என்ன பண்றது? ஓட்டுக்கு விடணும்னாங்க. விதியில இடம் இல்லைன்னு கூட்டத்த முடிச்சுட்டேன்.

அப்புறம் சமாதானக் கூட்டம் போட்டாங்க, தாலுக்கா ஆபீசுல, கீழ ஹால்ல. அதுக்கு முந்தின நாள் எங்க அண்ணன் என் வீட்டுக்கு வந்தாரு தம்பி. அவரா வந்தாரு. சேர்ந்து டிபன் சாப்பிட்டோம். "நம்ம தெரு சார்பா நீதான் பேசணும் கோதண்டம். படிச்சவன், நாலு ஆபீசு பழக்கம் உனக்குத்தான்"னாரு. மறுநாள் காருல கூட்டிட்டுப் போனாங்க. முன் வரிசையில அண்ணன் தன் கையால நாற்காலிய இழுத்துப் போட்டு என்ன உட்கார வெச்சாரு. ஊருப் பெரியவங்க அத்தனை பேரும் எனக்குப் பின்னால. அம்பத்தெட்டு வயசுல மொத தடவ. இதெல்லாம் உங்களுக்குச் சின்ன விசயமாத் தெரியும்.

ஆர்.டி.ஓ. கேட்டாரு, "வயல் வழியில வீல் சேர் போகாதுன்னு இந்தம்மா எழுதியிருக்காங்க. நீங்க மாற்றுத்திறனாளிகள் சங்கத் தலைவர், என்ன சொல்றீங்க?"ன்னு. பின்னாலேருந்து அண்ணன் என் தோள்ல கைய வெச்சாரு.

"போகாதுதான் சார். ஆனா என்னிக்கோ ஒரு நாள் போறது. அவங்க ஆளுங்களே நாலு பேரு தூக்கிட்டுப் போயிடலாம். அதுக்காக ஊரு ஒத்துமையக் கெடுக்க வேணாம்"னேன்.

நியாயமாத்தானே சொன்னேன்? அதையே எழுதி, சங்க முத்திரை வெச்சுக் கையெழுத்தும் போட்டேன். எதிர்த்தாப்புல அந்தப் பொண்ணு உட்கார்ந்திருந்துச்சு. கோவமாப் பாத்திருந்தா நானும் திருப்பிப் பாத்திருப்பேன். என் கால்ல இரும்புக் கேலிப்பர் மாட்டியிருக்கற எடத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஏன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

அந்த வாரமே தெரு முனையில உட்கார்ந்துட்டாங்க. காலனி சனம் முழுக்க. அவங்களோட எங்க சங்கத்து ஆளுங்க பதினாலு பேரு. காலனி ஆறு பேரு போனா சரி, மத்த எட்டு பேருக்கு என்ன வந்துச்சு? காது கேக்காத தையக்காரி, குள்ளமா இருக்கற பால் சொசைட்டிக்காரரு, எங்க தெய்வசிகாமணி. நான் சேத்த ஆளுங்க எல்லாம். இந்தத் தடவ கால் இல்லாதவங்க முன்னால, கால் இருக்கறவங்க பின்னால. எங்களத் தாண்டித்தான் அவங்கள அடிக்கணும்னு சிகாமணி சொன்னானாம்.

தாண்டிட்டாங்க. போலீசு ஒவ்வொருத்தராத் தூக்கி வேன்ல போட்டுது. நான் எதிர்க்க மரத்தடியில வண்டியில இருந்தேன், பாத்தேன். அந்தப் பொண்ணத் தூக்கறப்ப சேர் கவுந்து சக்கரம் வளைஞ்சு போச்சு. இடுப்புல அடி. அதுக்கு அங்க உணர்ச்சி இல்ல, அதனால ரத்தம் வர்றது அதுக்கே தெரியல. அந்தப் புண்ணு ஆற நாலு மாசம், ஆசுபத்திரியில குப்புறப் படுத்தே கிடந்துச்சு. அது ரொம்ப வருத்தமான விசயம். நான் தலைவரா இருந்து வழிநடத்தியிருந்தா அப்படி நடந்திருக்காது. சிகாமணி கைத்தடிய யாரோ ஒடிச்சுட்டாங்க. அவன அவன் மகனே வீட்டுல சேக்கல. காலனியில வாடகைக்கு இருக்கான் இப்ப.

கோர்ட்டுக்குப் போனாங்க. அந்தப் பொண்ணு படுத்தபடியே எழுதிக் குடுத்துதாம் மனுவ. பங்குனி மாசம் உத்தரவு வந்துடுச்சு, ரோடு எல்லாருக்கும் பொதுன்னு.

வைகாசியில ஒரு சாவு. நடுத்தெரு வழியா மொத தடவ எடுத்துட்டு வந்தாங்க. தெருவுல எல்லா வீட்டுக் கதவும் சாத்தியாச்சு. நானும் சாத்திட்டேன், தூசி எனக்கு ஒத்துக்காது. உள்ள உட்கார்ந்துதான் கேட்டேன். பறைச்சத்தம் போவுது, அதுக்குப் பின்னால எங்க ஆளுங்க மூணு சக்கர வண்டி. ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும் தம்பி, அந்த வண்டி எல்லாம் நான் மனுப் போட்டு வாங்கிக் குடுத்தது. இது பால் சொசைட்டிக்காரரு, இது முருகேசன்னு சத்தத்த வெச்சே சொல்லிடுவேன். கடைசியா ஒரு வீல் சேர் போச்சு. புதுசு போலிருக்கு, சத்தமே இல்ல, அடியில மண்ணு நொறுங்கறது மட்டும் கேட்டுது. யாரும் என் வீட்டு வாசல்ல நிக்கல.

அண்ணனா? வர்றதில்ல. அவருக்கு வேலை. போன மாசம் அவரு பேத்திக்குச் சடங்கு வெச்சாரு, போனேன். கூட்டத்துல இடிபடக் கூடாதுன்னு மண்டபத்துக்குப் பின்னால, சமையல்கட்டுப் பக்கத்துல எனக்குத் தனியா எடம் போட்டிருந்தாங்க. அந்த அக்கறை உண்டு அவங்களுக்கு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். அவங்க புதுசாச் சங்கம் பதிவு பண்ணியிருக்காங்க. சித்தேரிப்பட்டு வட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சங்கம். என் பேரையே எடுத்து, நலம்னு இருந்த எடத்துல உரிமைன்னு போட்டுக்கிட்டாங்க. ஆபீசர் எல்லாம் குழம்பிப் போறாங்க, எனக்கு வர வேண்டிய அழைப்பெல்லாம் அங்க போவுது. அந்தப் பேர ரத்து பண்ணணும்னுதான் மனு. பொண்ணு மேலயும் தனியா எழுதியிருக்கேன், சாதி கலந்து சங்கத்தப் பிளவுபடுத்தினதுன்னு.

போன வாரம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. கலெக்டர் ஆபீசுல எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மனு எழுதிக் குடுக்க ஒரு மேசை போட்டிருக்காங்க. அங்க போய் நிக்கிறேன், உட்கார்ந்திருக்கறது மணிமொழி. வாரா வாரம் வருதாம், சும்மா எழுதிக் குடுக்குதாம். எனக்கு முன்னால இருவது பேரு வரிசை. என்னப் பாத்ததும் டவாலியக் கூப்பிட்டு, "அந்த ஐயாவ நிக்க வைக்காதீங்க, அவருக்கு அந்தக் கால்ல ரொம்ப நேரம் நிக்க முடியாது. நாற்காலி போடுங்க"ன்னுச்சு. முன்னால கொண்டாந்து உட்கார வெச்சாங்க.

மனுவ வாங்கிப் படிச்சுது. முழுசாப் படிச்சுது, அது மேல நான் எழுதின புகார் எல்லாத்தையும். கிழிச்சுப் போடும், கத்தும், நானும் நாலு வார்த்தை கேட்டுடலாம்னு தயாரா இருக்கேன். அது பேனாவ எடுத்துச்சு. "பதிவு எண் தப்பா இருக்கு அண்ணே. புதுப்பிச்ச வருசமும் விட்டுப் போச்சு. இப்படியே குடுத்தா எடுத்ததுமே தள்ளிடுவாங்க"ன்னு சொல்லித் திருத்திக் குடுத்துச்சு. என் சங்கத்துப் பதிவு எண்ணு அதுக்கு மனப்பாடம். "நகல் எடுத்துட்டு அடுத்த திங்கக்கிழமை கொண்டாங்க, நான் இருப்பேன்"னுச்சு. அவ்வளவுதான். அடுத்த ஆளக் கூப்பிட்டுருச்சு.

அந்த நகல்தான் தம்பி இந்தப் பையில இருக்கறது. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் சரியில்ல. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்தப் பொண்ணு. அத்தனை பேர் முன்னால திட்டியிருந்தா நான் நிம்மதியா வீடு வந்து சேந்திருப்பேன்.